அவருக்குக் கேட்கும்படி ஒரு மணி

மார்சிலிங்கில் எங்கள் வீடு பதினோராவது மாடியில் இருக்கிறது. பகலில் மரக்கதவைத் திறந்து வைத்து, இரும்பு கேட்டை மட்டும் பூட்டிக்கொள்வோம். காரிடாரில் நிற்பவருக்குக் கம்பிகளின் வழியாகக் கூடம் முழுவதும் தெரியும். அதற்கும் அப்பால், எதிர் ஜன்னலில், ஜொகூர் நீரிணை ஒரு சாம்பல் நிறத் துண்டாகத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மதியம், மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம், இரண்டு கைகளிலும் சந்தைப் பைகளோடு நான் அந்தக் கம்பிகளுக்கு வெளியே நின்றேன். சாவி கைப்பையின் அடியில் எங்கோ கிடந்தது. முழங்கையால் மணியை அழுத்தினேன். என் கணவர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டிங் டாங். அவர் திரும்பவில்லை. எட்டு அடி தூரம்கூட இருக்காது. மறுபடி அழுத்தினேன். அவர் ஓர் இறக்கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தூசி போய்விட்டதா என்று பார்த்தார்.

மூன்றாவது முறை நான் அழுத்தவில்லை. ஏனென்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு, மழை ஈரம் பட்ட காற்றில் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பவரை வெளியிலிருந்து பார்ப்பது போல இருந்தது. பிறகு சாவியைத் தேடி எடுத்து நானே திறந்தேன்.

"எப்ப வந்தே? பெல் அடிச்சிருக்கலாமே" என்றார், சந்தோஷமாக.

"இப்பதான் வந்தேன். சாவி இருந்துச்சு" என்றேன்.

அவர் இருபத்தாறு வருடமாகக் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். இரும்பைத் தேய்க்கும் பிரிவில் தொடங்கி, அதே பிரிவுக்கு மேற்பார்வையாளராக உயர்ந்தவர். காதடைப்பான் போட்டுக்கொண்டாலும் அந்தச் சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகும் என்று கல்யாணமான புதிதில் சொல்வார். அப்போது அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளர். பீக்கர் கழுவுவது, அமிலத்தைக் கலந்து வைப்பது, ஆண்டு முடிவில் மாணவர்கள் விட்டுப்போகும் செய்முறைப் பொருள்களைப் பிரித்து அடுக்குவது எல்லாம் என் வேலை.

அப்படி ஒரு டிசம்பரில் பிரித்ததுதான் பேசும் குப்பைத்தொட்டி. மூடியைத் திறந்தால் "தேங்க் யூ" என்று சொல்லும். ஆசிரியர் அதை வீச வேண்டியதுதான் என்றார். நான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திறந்து பார்த்தால் உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பச்சைச் சில்லு. அதில் ஒரு மெமரி கார்டு. பக்கத்தில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. மூடி திறந்ததை போர்டு தெரிந்துகொள்கிறது, சில்லுக்குச் சொல்கிறது, சில்லு கார்டில் இருக்கும் ஒலியை எடுத்து ஸ்பீக்கரில் பாடுகிறது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் நான் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். கையை வைத்தால் கடல் அலை கேட்கும் பிஸ்கட் டப்பா, இழுத்தால் மழை பெய்யும் மேசை இழுப்பறை. கணவர் ஒவ்வொன்றையும் ரசித்துச் சிரிப்பார். அந்த இழுப்பறையின் மழை அவருக்குக் கேட்டதா, நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாரா என்று அந்த மதியத்துக்குப் பிறகுதான் யோசித்தேன்.

பொங்கோலில் குடியிருக்கும் மகளுக்கு ஃபோன் செய்தேன்.

"லைட் பெல் வாங்குங்கம்மா. அமுக்கினா ஹால்ல லைட் மின்னும். ஆன்லைன்லயே கிடைக்குது."

"அப்பா அதைப் பார்த்தா என்ன நெனப்பாரு?"

"ஆமா லா" என்றாள் அவள்.

டிங் டாங் அவருக்கு எட்டவில்லை என்றால், எட்டும் ஒலியை நான் தேடுவேன். மணியை மாற்றியது என் பொழுதுபோக்கு என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். இதுதான் என் திட்டம்.

ஜாலான் புசார் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே நான் வழக்கமாகப் போகும் சீனர் கடையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்தேன். கடைக்காரர் என்ன ஒலி என்று கேட்டார். கனமான ஒலி, மத்தளம் மாதிரி என்றேன். அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னது என் காதில் இப்படி விழுந்தது: "இது வேணாம் லா. சின்ன ஸ்பீக்கர் கொசு மாதிரிதான் பாடும். கனமான சத்தத்துக்குப் பெரிய வாய் வேணும்." உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் எந்த ஒலி அவருக்குக் கேட்கும் என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டுமே. வீட்டிலும் காரிடாரிலும் ஆறு ஒலிகளைக் கைப்பேசியில் பதிந்தேன். கெட்டில் கொதிக்கும்போது வரும் விசில், மைக்ரோவேவ் அடுப்பின் பீப், லிஃப்ட் கதவு, கீழே பஸ் உறுமுவது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா மிளகாய்ச் சம்பல் இடிக்கும் உரல். அப்புறம் தேன்சிட்டு. காரிடாரில் அவர் வளர்க்கும் இட்லிப்பூச் செடிக்கு அது காலையில் வரும். ஊசி முனையால் கண்ணாடியைத் தட்டுவது போல விடாமல் கத்தும். பெட்டியை டிவி அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்து, பொத்தானை மட்டும் ஒயரில் இழுத்து என் நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை. அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரிப்பது போல உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழுத்தினேன். பஸ் உறுமியது; அவர் ஜன்னலைப் பார்த்தார். உரல் இடித்தது; "அக்கா சம்பல் இடிக்கிறாங்க போல" என்றார். லிஃப்ட் கதவுக்கு லேசாகத் தலையைத் தூக்கினார். கெட்டில் விசில் கூடத்தையே நிறைத்தது. அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். பீப். ஒன்றும் இல்லை. தேன்சிட்டு அந்த அறைக்குள் என் காது வலிக்கும்படி கத்தியது. ஜன்னல் வெளிச்சம் செய்தித்தாள் வழியாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. அந்த முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம், ஆனால் நான் இருந்த காலை வேறு, அவர் இருந்த காலை வேறு. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சமையலறைக்குப் போய், கை ஈரமாக இருந்ததால் எழுத முடியாமல், கண்டதைக் கைப்பேசியிலேயே பேசிப் பதிந்து வைத்தேன்.

வாசலுக்குத் தவில்தான் சரி என்று முடிவு செய்தேன். மறுவாரம் வேலை முடிந்ததும் எம்ஆர்டி ரயில் ஏறி லிட்டில் இந்தியா போனேன். சிராங்கூன் சாலையில் மாலை வெயில் கடை விரிப்புகளின் மேல் ஆரஞ்சு நிறமாகப் படர்ந்திருந்தது. நான் கண்ணால் நடக்கவில்லை, காதால் நடந்தேன். இது அவருக்குக் கேட்கும், இது கேட்காது என்று மனம் தானாகவே பிரித்துக்கொண்டு வந்தது. லாரியின் எஞ்சின் கேட்கும். சைக்கிள் மணி கேட்காது. நகைக்கடை வாசலில் ஒரு பெண் கொலுசைக் குலுக்கிப் பார்த்தாள், அது கேட்காது. பாதி ஒலிகளை எடுத்துவிட்ட பிறகு அந்தத் தெரு மெத்தென்று, தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. அது அசிங்கமாக இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அதிலேயே ஒருவர் சுகமாக இருந்துவிடலாம்.

கோயிலில் மாலைப் பூஜை முடிந்து, தவில்காரர் வாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். கைப்பேசியை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டு பெல்லுக்கா? தவிலா?" அவர் சிரித்தார். "கேட்டுட்டு யாரும் கதவத் தொறக்க மாட்டாங்க, எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிருவாங்க."

"என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் காது மந்தம்ண்ணே."

இந்த வார்த்தைகளை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுபடி வாரை மாட்டிக்கொண்டார். குச்சியை ஓங்கி மூன்று அடி கொடுத்தார். தூண்களுக்கு இடையில் அது சுற்றிச் சுற்றி வந்து அடங்கும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

மணியைச் செய்து முடிக்க ஒரு வாரம் ஆனது. முதலில் ஸ்பீக்கர் ஓயாமல் இரைந்தது; போர்டுக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்ததும் இரைச்சல் அடங்கியது. அப்புறம் ஒரு தடவை அழுத்தினால் மூன்று தடவை அழுத்தியதாக போர்டு எடுத்துக்கொண்டது. நிரலில் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். கடைசியாக, தவிலோடு மற்றவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியில் இருந்த ஒலிகள் அத்தனையையும் மொத்தமாக கார்டுக்கு மாற்றினேன். தவில் கோப்புக்கு மட்டும் ஒன்று என்று எண் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மாலை, அவர் வேலை முடிந்து வருவதற்குள் பெட்டியை வாசலில் பொருத்திவிட்டேன். மின்சாரம் கொடுத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். அழுத்திப் பார்க்கவில்லை. முதல் அழுத்தம் அவருடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மரக்கதவைச் சாத்திவிட்டு, புது மணியை அமுக்கிப் பாருங்கள் என்று அவருக்குச் செய்தியும் அனுப்பினேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. அவருடைய காலடி. பிறகு, வாசலில், பெரிய வாய் கொண்ட அந்த ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது.

"வச்ச சத்தம் ஆறு. அவருக்குக் கேட்டது மூணு. கெட்டில் கேட்கல. பீப் கேட்கல. தேன்சிட்டு சுத்தமா கேட்கல. இப்ப அவர்கிட்ட சொல்ல வேணாம். சொன்னா ஒடைஞ்சு போயிருவாரு."

இதன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சில்லு கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. எது முதலில் கார்டுக்கு வந்ததோ அதையே ஒன்று என்று எடுத்துக்கொள்ளும்; அன்று முதலில் போய் விழுந்தது என் பேச்சு. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மறுபடி அழுத்தினார். என் குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாவது முறையும் அழுத்தினார். எல்லாச் சொல்லும் பிடிபடாமல், விட்டதைக் கேட்பதற்காகத்தான் அழுத்துகிறார் என்று அப்போது உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கையைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

"யாரு ஒடைஞ்சு போயிருவாரு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"என்னங்க, அது..."

"குளிச்சிட்டு வரேன்" என்று உள்ளே போய்விட்டார். அன்று சாப்பிடும்போது, ரசம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நடந்துட்டு வரலாம்" என்றார். உட்லண்ட்ஸ் கரையோரம் போனோம். புகைமூட்டமான காலை. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியவில்லை. ஜொகூர் பாலத்தில் போகும் லாரிகள் ஒன்றுமில்லாததன் மேல் நகர்வது போல இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தன.

"கம்பெனில வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுப்பாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதக் கொடுத்தாங்க. ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்கச் சொன்னாங்க."

ஒரு கோடு சமமாக வந்து, வலது பக்கம், கூர்மையான ஒலிகள் இருக்கும் இடத்தில், பள்ளத்தில் விழுந்தது. நான் ஆறு ஒலியை வைத்து ரகசியமாகத் தேடியது, அழகாக அச்சடிக்கப்பட்டு, மூன்று வருடமாக எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ பேசுறது கேட்டுச்சு. அது போதும்னு நெனச்சேன்." கோட்டின் பள்ளத்தில் விரலை வைத்தார். "அதுலயும் இப்பல்லாம் பாதி, உன் மூஞ்சியப் பாத்துத்தான் புரிஞ்சுக்குறேன்."

"நானும் உங்ககிட்ட சொல்லாம டெஸ்ட் பண்ணினேன். அது தப்புதான்."

"தப்புதான்" என்றார். பிறகு திடீரென்று, சின்னப் பிள்ளை கேட்பது போல, "தேன்சிட்டு இன்னும் வருதா?" என்றார்.

"தினமும் வருதே. காலையில ஏழு மணிக்கு."

"போயிருச்சுன்னு நெனச்சேன். கார் பார்க்ல அந்தப் பெரிய மரத்த வெட்டுனாங்கள்ல, அதோட போயிருச்சுன்னு. சத்தம் கேட்டாத்தானே திரும்பிப் பாப்போம்." தாளை மடித்தார். "மூணு வருஷமா என் செடிக்குத்தான் வந்துட்டு இருந்துச்சா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு விசைப்படகு எங்களைக் கடந்து போனது.

அன்று மாலை தேன்சிட்டின் ஒலியைக் கணினியில் ஏற்றி, நாலில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தேன். வேகம் குறைந்தால் குரலும் தாழும்; அவருடைய கோடு பள்ளத்தில் விழுவதற்கு முன்னால் இருக்கும் இடத்துக்கு அது இறங்கி வரும் என்று கணக்குப் போட்டேன். கார்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, இந்த முறை ஒரே ஒரு கோப்பை வைத்தேன். சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து, பொத்தானை அவர் பக்கம் தள்ளினேன்.

அழுத்தினார். நான் எதிர்பார்க்காத ஓர் ஒலி வந்தது. ஊசியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அக்கரையிலிருந்து யாரோ ஒருவர் அவசரமே இல்லாமல், நீளமாக, வளைத்து வளைத்துச் சீட்டியடிப்பது போல இருந்தது. வேகமாகக் கேட்கும்போது எனக்கே தெரியாத ஏற்ற இறக்கங்கள் அதற்குள் இருந்தன.

"இதுவா?" கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"இதேதான். மெதுவாக்கி இருக்கேன்."

"நம்ம இட்லிப்பூல உக்காந்துகிட்டு இதத்தான் கத்துதா?"

மறுபடி அழுத்தினார். மறுபடியும். விளக்குப் போடாமலே இருந்தோம். கூடம் மெல்ல நீலமாகி, அவர் முகம் மங்கி, அந்தச் சீட்டி மட்டும் வந்து வந்து போனது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. குருவி வரும்போது பெட்டி அவரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். செடியின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு ஒன்றைப் பாயவிட்டேன். அதை ஏதாவது மறித்தால் உள்ளே சீட்டி கேட்கும். குச்சியைச் செதுக்கியது அவர். ஒயரைப் பற்றவைத்தது நான். முதல் நான்கு நாள் காற்றுக்கும், துப்புரவாளரின் துடைப்பத்துக்கும், பக்கத்து வீட்டுப் பூனைக்கும் குருவி கத்தியது. ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பூனை" என்றோ "காத்து" என்றோ அறிவித்தார். ஐந்தாம் நாள் போனவர் திரும்பி வரவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். சிவப்புப் பூங்கொத்தின் மேல், மஞ்சள் வயிற்றோடு, கட்டைவிரல் அளவு உயிர் ஒன்று தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது கீச்கீச்சென்று கத்துவது கேட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். அது பறந்து போன பிறகும்.

அடுத்த வாரம், நான் ஒன்றும் சொல்லாமலே, பாலிக்ளினிக்கில் காது பரிசோதனைக்குப் பதிந்துகொண்டார். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு காதுக்கும் கருவி வந்தது. முதல் சில நாட்கள் அவருக்கு அது பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் பை காதில் அடிக்கிறது என்றார். செய்தித்தாள் கத்துகிறது என்றார். எம்ஆர்டியில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. வாசல் மணிக்கு வேறு பெட்டி செய்திருந்தேன்; அதில் இப்போது தவில்தான். கருவி வந்ததும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டு, மாற்ற வேண்டாம், யாராவது வந்தால் எனக்கும் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்றார்.

போன தீபாவளிக்கு முன்னால் இருவருமாக லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போனோம். கூட்டம். இரைச்சலுக்குப் பயந்து கருவியை வீட்டில் வைத்துவிட்டு வருவார் என்று நினைத்தேன், போட்டுக்கொண்டுதான் வந்தார். பூக்கடை ஒன்றின் முன்னால் சட்டென்று நின்றுவிட்டார். வலிக்கிறதா என்று பயந்து தோளைத் தொட்டேன். கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். கடைக்காரப் பெண் மல்லிகைச் சரத்தை முழம் போட்டு, வாழைநாரைப் பட்டென்று கிள்ளி, முடிச்சை இறுக்கினாள். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு பாட்டுச் சத்தத்தில், அவர் குனிந்து அந்த முடிச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்ண்ணே?" என்றாள் அவள்.

"இன்னொரு முழம் கட்டுங்க" என்றார்.